ஆளைக் குறைப்பதா, நேரத்தைக் குறைப்பதா?



மாதத்தின் முதல் பத்து நாள் கல்லாவில் விழும் பணத்தையும், கடைசிப் பத்து நாள் விழும் பணத்தையும் தனித்தனியே எழுதிப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். சிறிய ஊர்களில் கடைவீதியைத் தாங்கி நிற்பது மாதச் சம்பளம்தான். ஆசிரியர், மின்வாரியத்தார், தாலுகா ஆபீசார், நகராட்சியார் ஆகியோருக்கு மழை பொய்த்தாலும், மீன் படாவிட்டாலும் சம்பளம் வந்துவிடும். அதை நம்பித்தான் சில்லறைக் கடைக்காரர் நோட்டில் பற்று எழுதுகிறார். அவரை நம்பித்தான் நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள் சரக்கைக் கடனுக்கு அனுப்புகிறோம்.

அந்தச் சம்பளமே ஆட்டம் கண்டால் என்ன ஆகும்? பெரும் புயலோ வெள்ளமோ வந்து அரசின் வரி வருமானமே நின்றுபோனால், ஊழியர்களில் ஒரு பகுதியினரை வீட்டுக்கு அனுப்புவதா, அல்லது எல்லோருக்கும் வேலை நேரத்தைக் குறைத்து, அதற்கேற்பச் சம்பளத்தையும் குறைப்பதா? இந்தக் கேள்வி அமெரிக்க ஆட்சியின் கீழ் உள்ள இரண்டு ஊர்களில் எழுந்தது. ஓர் ஊர் ஒரு வழியில் போனது, மற்றது வேறு வழியில் போனது. இதில் கடைக்காரருக்கு என்ன பாடம் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நியூ ஆர்லியன்ஸ் எடுத்த வழி

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காத்து நின்ற கரைகள் உடைந்தன. நகரின் சுமார் 80 சதவீதப் பரப்பு தண்ணீரில் மூழ்கியது. மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். கடைகள் மூடிக் கிடந்தன. விற்பனை வரியும் சொத்து வரியும்தான் அந்த நகராட்சியின் முக்கிய வருமானம். விற்பனையே இல்லாத ஊரில் விற்பனை வரி எங்கிருந்து வரும்?

அந்நாட்டில் நகராட்சி தன் வரவுக்குள்ளேயே செலவு செய்தாக வேண்டும். நோட்டு அடிக்கும் உரிமை அதற்குக் கிடையாது. 2005 அக்டோபர் 4 அன்று மேயர் ரே நாகின், நகராட்சி ஊழியர்களில் 3,000 பேர் வரை நீக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். அது மொத்த ஊழியர்களில் ஏறத்தாழப் பாதி. காவல் துறையினருக்கும் தீயணைப்புத் துறையினருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. மற்றவர்களில் வீட்டையும் வெள்ளத்துக்குக் கொடுத்து, வேலையையும் இழந்தவர்கள் பலர்.

அதே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம், பாதிக்கப்பட்ட உள்ளாட்சிகள் நிர்வாகச் செலவுக்காக 100 கோடி டாலர் வரை கடன் பெறச் சட்டம் இயற்றியது. ஆனால் நீக்கல் அறிவிப்பு அதற்குள் வந்துவிட்டது. உதவி வருகிறது என்றாலும் அது வருகிற நாள்வரை கல்லா தாங்க வேண்டுமே.

வடக்கு மரியானா தீவுகள் எடுத்த வழி

பசிபிக் கடலில், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, குவாம் தீவுக்கு வடக்கே உள்ளவை வடக்கு மரியானா தீவுகள். அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டவை. சைப்பான், டினியன், ரோட்டா ஆகிய மூன்றிலும்தான் மக்கள் பெரும்பாலும் வசிக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள் தொகை 47,329. நம் பக்கத்து நகராட்சி ஒன்றின் அளவுதான். ஒரு காலத்தில் அங்கே ஆயத்த ஆடை ஆலைகள் நிறைய இருந்தன. அவை 2009-க்குள் மூடப்பட்டுவிட்டன. அதன்பின் சுற்றுலாவும் அரசுச் சம்பளமுமே கடைவீதியின் இரண்டு கால்கள்.

2018 அக்டோபர் 25 அன்று யூட்டூ என்ற சூறாவளி மணிக்கு சுமார் 285 கிலோமீட்டர் வேகக் காற்றோடு டினியன், சைப்பான் மீது இறங்கியது. வீடுகள், மின்கம்பங்கள், பள்ளிகள் சாய்ந்தன. சைப்பான் விமான நிலையம் சேதமடைந்து வழக்கமான விமானங்கள் வாரக்கணக்கில் வரவில்லை. அங்கே சிக்கிக்கொண்ட தன் நாட்டுச் சுற்றுலாப் பயணிகளை மீட்கத் தென்கொரியா ராணுவ விமானம் அனுப்ப வேண்டியிருந்தது. விமானம் இல்லையென்றால் பயணி இல்லை, பயணி இல்லையென்றால் ஓட்டல் வரி இல்லை, கடை வரியும் இல்லை.

2019-ஆம் ஆண்டு அந்த அரசு கையில் எடுத்த வழி வேலை நேரக் குறைப்பு. அங்கே இரண்டு வாரத்துக்கு 80 மணி நேரம் என்பது முழு வேலைக் கணக்கு, அதாவது நாளுக்கு 8 மணி வீதம் 10 நாள். அந்த நேரத்தைக் குறைத்து, ஆட்களை நீக்காமல் காலத்தைக் கடத்தப் பார்த்தார்கள்.

நிவாரணப் பணம் சம்பளத்துக்கு உதவாதா?

மத்திய அரசிடமிருந்து நிவாரணம் வருமே, அதில் சம்பளம் கொடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் ஃபெமா என்ற பேரிடர் முகமை, இடிபாடு அகற்றவும் கட்டடங்களைத் திரும்பக் கட்டவும் பணம் தருகிறது. அதிலும் வழக்கமாக 25 சதவீதப் பங்கை உள்ளூர் அரசு போட வேண்டும். நிரந்தர ஊழியர் அவசரப் பணியில் கூடுதல் நேரம் உழைத்தால் அந்தக் கூடுதல் நேரக் கூலியைத் தரும். ஆனால் அவருடைய வழக்கமான சம்பளத்தைப் பொதுவாகத் தராது. குறைந்துபோன வரி வருமானத்தையும் அந்தத் திட்டம் ஈடு செய்யாது. ஆகவே சாலை போடப் பணம் இருக்கும், சாலை ஆபீஸ் குமாஸ்தாவுக்குச் சம்பளம் இருக்காது.

இது நமக்குப் புரியாத விஷயமல்ல. என் கிட்டங்கிக்குக் கட்டடக் காப்பீடு இருந்தது, சரக்குக்கு நான் எடுக்கவில்லை. வெள்ளம் வந்தபோது சுவருக்குப் பணம் வந்தது, சீனி மூட்டைக்கு வரவில்லை. கூலிக்கு ஒரு காசும் வரவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓர் ஊரில் 100 அரசு ஊழியர்கள், ஆளுக்கு மாதம் 30,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 லட்சம். ஒவ்வொருவரும் வீட்டு வாடகை, கடன் தவணை, சீட்டு, பள்ளிக் கட்டணம் என்று 18,000 ரூபாய் கட்டாயமாகக் கட்டுகிறார். மீதி 12,000 ரூபாய்தான் கடைவீதிக்கு வருகிறது. அதாவது மாதம் 12 லட்சம் நம் கல்லாக்களில் விழுகிறது.

இப்போது அரசு 6 லட்சம் மிச்சப்படுத்த வேண்டும்.

முதல் வழி: 20 பேரை நீக்குவது. மீதி 80 பேர் தலா 12,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் கடைவீதிக்கு 9.60 லட்சம் வரும். நமக்குக் குறைவது 2.40 லட்சம்.

இரண்டாவது வழி: 80 மணியை 64 ஆக்குவது போல, எல்லோருக்கும் நேரத்தில் 20 சதவீதம் குறைப்பது. சம்பளம் 24,000 ஆகும். ஆனால் வாடகையும் தவணையும் குறையாது. 18,000 போக மீதி 6,000. அப்படியானால் கடைவீதிக்கு 6 லட்சம்தான் வரும். நம் வியாபாரம் பாதியாகிவிடும்!

இதைப் பார்த்ததும், ஆளை நீக்குவதுதான் கடைக்காரருக்கு நல்லது என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. நானும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுத் திகைத்துப் போனேன். பிறகு நோட்டை இன்னொரு முறை பார்த்தேன். மூன்று சங்கதிகள் விடுபட்டிருந்தன.

ஒன்று, நீக்கப்பட்ட 20 பேரின் பழைய பாக்கி. அது நம் பேரேட்டில் வராக்கடனாகிவிடும். அவர்கள் பிழைப்புத் தேடி ஊரை விட்டும் போய்விடுவார்கள். போனவர் திரும்பி வருவார் என்பது நிச்சயமில்லை.

இரண்டு, மீதி 80 பேரின் பயம். அடுத்து நம் பெயர் வருமோ என்று நினைக்கிறவர் புதுத் துணி எடுக்கமாட்டார், மிக்ஸி வாங்கமாட்டார். அவர்கள் பயத்தில் பாதியை முடக்கினாலே கடைவீதிக்கு 4.80 லட்சம்தான். இது இரண்டாவது வழியைவிடக் குறைவு.

மூன்று, இரண்டாவது வழியில் நஷ்டம் ஏன் நம் தலையில் விழுகிறது என்ற கேள்வி. இரண்டு வழியிலும் அரசு கொடுக்கும் பணம் 24 லட்சம்தான். நேரத்தைக் குறைக்கும்போது வீட்டுக்காரருக்கும் வங்கிக்கும் போவது பழையபடி 18 லட்சமாகவே நிற்கிறது. வெட்டு முழுவதும் அரிசி, துணி, பாத்திரக் கடைகளின் மேல் விழுகிறது. தவணையை மட்டும் சில மாதம் தள்ளிவைத்து, கட்டாயச் செலவு 14,000 ஆகக் குறைந்தால் என்ன ஆகும்? மீதி 10,000 ரூபாய். கடைவீதிக்கு 10 லட்சம். ஒருவரும் வேலை இழக்கவில்லை, ஒருவரும் ஊரை விட்டுப் போகவில்லை, வியாபாரமும் பெரிதாகக் கெடவில்லை.

ஆகவே நேரக் குறைப்பு என்பது தனியாக நிற்கும் மருந்தல்ல. தவணைத் தள்ளிவைப்போடு சேர்த்துக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும்.

எங்கள் கடையில் நடந்தது

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தாமிரபரணிக் கரையில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன் நான். 1992 நவம்பர் வெள்ளத்தில் கிட்டங்கிக்குள் தண்ணீர் வந்தது. அப்போது எனக்கு முப்பது வயதுகூடச் சரியாக நிறையவில்லை, நிர்வாகம் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான். யோசிக்காமல் இரண்டு பையன்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பினேன். ஒருவன் திருப்பூர் போய்விட்டான். தை மாதம் வியாபாரம் எழுந்தபோது எந்த மூட்டை எந்த அடுக்கில் இருக்கிறது, எந்தக் கடைக்காரர் எந்த ரகம் எடுப்பார் என்று தெரிந்தவன் கடையில் இல்லை. ஆள் அனுப்பிக் கேட்டேன், அவன் வரவில்லை. புது ஆளைப் பழக்க ஒரு வருடம் ஆனது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மறுபடியும் வெள்ளம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் கிட்டங்கியில் இடுப்பளவு தண்ணீர். பருப்பு முளைத்துவிட்டது, சீனி கரைந்தே போனது. ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். மூன்று பேரை நிறுத்தலாம் என்று பெயர்கூட எழுதிவிட்டேன்.

முப்பது வருடமாக எங்களிடம் இருக்கும் கணக்குப்பிள்ளை அந்தச் சீட்டைப் பார்த்தார். "அண்ணாச்சி, ஆறு பேருக்கு ஆறு நாள்னாலும் முப்பத்தாறு கூலி, ஒன்பது பேருக்கு நாலு நாள்னாலும் அதே முப்பத்தாறு கூலிதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

முதல் மூன்று வாரம் வேலை குறையவே இல்லை. சேறு அள்ள, மூட்டை பிரிக்க, கணக்கு எடுக்க ஒன்பது பேரும் தேவைப்பட்டார்கள். அதன்பின் தை பிறந்ததும் ஆளுக்கு வாரம் நாலு நாள் என்று வைத்தோம். என் வீட்டுச் செலவுக்கு எடுப்பதை முதலில் பாதியாக்கினேன். சித்திரை ஒன்றாம் தேதி பழைய ஆறு நாள் திரும்பும் என்று தேதி சொன்னேன்.

இரண்டாவது வாரம் எங்கள் மூட்டைக்காரர் ஒருவரின் மனைவி கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, உங்க கணக்குல நாலு நாளு. குழுக்காரங்க கணக்குல வாரம் தவறாம தவணை. அவங்களுக்கு நாலு நாளுன்னா புரியுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஒன்பது பேருக்கும் சமமாகப் பங்கு போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். பங்கு சமம், பாரம் சமமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவருக்கும், கடன் இருந்த இன்னும் இருவருக்கும் தவணைக்கு முன்பணம் கொடுத்து, ஆடி வரை சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டேன். பங்குனியிலேயே ஆறு நாள் வேலை திரும்பிவிட்டது. ஒன்பது பேரும் இன்றும் கடையில் இருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய குறைகள்

நேரக் குறைப்பில் குறைகளும் உண்டு. பேரிடர் முடிந்த கையோடு அரசு ஆபீஸில் வேலை அதிகம். உரிமம், சேதச் சான்று, கட்டட அனுமதி, நிவாரண மனு என்று மக்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் கதவைப் பூட்டினால் கடையைத் திறக்க முடியாமல் தவிப்பது நாம்தான். 2009-இல் கலிபோர்னியா மாநிலம் நிதி நெருக்கடியால் ஊழியர்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது. பிப்ரவரியில் மாதம் இரண்டு நாள், ஜூலையிலிருந்து மூன்று நாள். வெள்ளிக்கிழமைகளில் பல ஆபீஸ்கள் மூடிக் கிடந்தன. ஹவாய் மாநிலத்தில் அதே ஆண்டு பள்ளிக்கூடத்துக்கே வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை விட்டார்கள். பிள்ளைகளை எங்கே விடுவது என்று பெற்றோர் கொதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் விடுப்பு விடாமல் மாற்றி மாற்றி விட்டால் ஆபீஸும் திறந்திருக்கும், செலவும் குறையும்.

குறைந்த சம்பளக்காரருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஜெர்மனியில் தனியார் ஆலைகள் நேரத்தைக் குறைத்தால், இழந்த நிகரக் கூலியில் 60 சதவீதத்தை, குழந்தை உள்ளவருக்கு 67 சதவீதத்தை, அந்நாட்டு வேலைவாய்ப்பு நிதி தருகிறது. 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் அந்த ஏற்பாட்டில் இருந்தார்கள். ஈடு தர ஒரு நிதி முன்கூட்டியே இருந்ததால்தான் அது முடிந்தது.

நம் நாட்டில் அரசு ஊழியருக்கு நேரக் குறைப்பு என்ற பழக்கம் இல்லை. வேறு வழிகள் உண்டு. 2020-இல் கொரோனா காலத்தில் மத்திய அரசு அகவிலைப்படி உயர்வை 2021 ஜூன் வரை நிறுத்தி வைத்தது. தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது. கேரள அரசு மாதம் ஆறு நாள் சம்பளம் வீதம் ஐந்து மாதத்துக்குப் பிடித்து வைத்தது. 20,000 ரூபாய்க்குக் கீழ் வாங்குவோருக்கு விலக்கு அளித்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க அனுமதித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. வட்டி ஓடிக்கொண்டிருந்தது என்றாலும், அன்றைய தேதிக்குக் கையில் பணம் நின்றது. அதில் ஒரு பகுதி நம் கடைகளுக்கு வந்தது.

நாம் கேட்க வேண்டியவை

இனி எங்காவது பேரிடர் வந்து, அரசோ நகராட்சியோ தனியார் நிறுவனமோ செலவைக் குறைக்கும் பேச்சு எழுந்தால், வணிகர் சங்கங்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது. நாம் கேட்க வேண்டியவை இவை:

1. ஆளை நீக்குவதற்கு முன் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

2. வெட்டு மேலிருந்து தொடங்கட்டும். குறைந்த சம்பளக்காரருக்கு விலக்கோ ஈடோ வேண்டும்.

3. பழைய நேரம் திரும்பும் தேதியை அறிவிக்கும் நாளிலேயே சொல்லுங்கள். தேதி தெரிந்தால் பயம் குறையும், கையும் இறுகாது.

4. வங்கி, கூட்டுறவுச் சங்கம், சுயஉதவிக் குழு ஆகியவற்றின் தவணைகளை அதே மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள்.

5. ஆபீஸ் ஐந்து நாளும் திறந்திருக்கட்டும். ஊழியர்கள் மாற்றி மாற்றி விடுப்பு எடுக்கட்டும். மருத்துவமனை, குடிநீர், மின்சாரம், தீயணைப்பு ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம்.

பிறரிடம் கேட்பதை நாமும் செய்ய வேண்டும். சம்பளம் குறைந்த குடும்பத்தின் பழைய பாக்கியைத் தனியே ஒரு பக்கத்தில் எழுதி, அதை மூன்று நான்கு மாதத்தில் தீர்க்கச் சொல்லுங்கள். புதுச் சாமானை ரொக்கத்துக்குக் கொடுங்கள். பாக்கியைக் கேட்டு விரட்டினால் அவர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார், பாக்கியும் வராது, வாடிக்கையும் போகும். மொத்த வியாபாரிகளும் சில்லறைக் கடைக்காரருக்கு அதே சலுகையைத் தர வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வருடம் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது பத்திரத்தை ஒரு முறை முழுவதும் படியுங்கள். கட்டடத்தோடு சரக்கும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதக் கூலிக்கு ஆகும் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். நான் 2023-க்குப் பிறகுதான் அதைச் செய்தேன். நீங்கள் தண்ணீர் வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.